செக்கர் குற்றாலிங்கத்தின் மௌனம்

பேசாமல் இருக்கிற ஒரு மனுஷன் இத்தனை பேரை எரிச்சல்படுத்த முடியும் என்பது குற்றாலிங்கம் அண்ணாச்சி மடத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நாற்பது நாள் மௌன விரதம் எடுத்திருந்தார். கழுத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு மடம் முழுக்க நடப்பார். ரசத்தில் உப்பு கூடிவிட்டால் 'உப்பு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, என் மூக்குக்கு நேரே நீட்டுவார். பூசை மணி கொஞ்சம் பிந்தினால் 'மணி என்ன?' என்று எழுதி வாசலில் நிற்பார். வாயால் திட்டினால் அந்த நிமிஷத்தோடு போய்விடும். இவர் திட்டினால், அவரே மனசுவைத்துத் துடைக்கிற வரைக்கும் அது நம் எதிரே நிற்கும்.

வயது அறுபத்தொன்று. அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காத ஆளைக் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று விரதத்துக்கு முன்னால் பெருமையாகச் சொல்வார். எல்லாரும் அவரைச் செக்கர் என்றே கூப்பிட்டோம். காவி வாங்கிச் சாமியாராக வேண்டும் என்று வந்தவர். வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வேதாந்தப் புத்தகம். அடிவாரத்திலிருந்து மடத்துக்கு இருநூறு படி. அந்தப் பெட்டியைச் சுமந்தது நான்.

என் பெயர் இசக்கி. டீக்கடை வைத்திருந்தவன். மடத்தில் சமையல் என் பொறுப்பு.

எங்கள் குரு உலகம்மை அம்மாவுக்கு நாற்பத்து நாலு வயது. பீடி சுற்றிப் பிழைத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் செக்கர் சிலேட்டில் என்ன எழுதினாலும் அம்மாவுக்கு நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். அவர் 'நான்' என்று எழுதினால் நானும் 'நான்' என்றுதான் வாசிக்க வேண்டும். அவருடைய கோபத்தையெல்லாம் என் வாயால் சொல்லும்படி ஆயிற்று. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி வாங்கப் போகிறவருடைய வீட்டிலிருந்து யாராவது ஒருவர் நேரில் வந்து, எனக்குச் சம்மதம் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். கடிதம் போட்டால் செல்லாது.

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்னு இவங்க சொல்லுதாவ. விடப்பட்ட ஆளு என்ன சொல்லுதுன்னு நாம கேக்க வேண்டாமா?" என்பார் அம்மா.

செக்கருக்கு மனைவி இல்லை. இறந்து நாலு வருஷம். இருப்பது ஒரே மகள். அம்மா சொல்லி அவளுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே செக்கர் பக்கத்தில் வந்து நின்று சிலேட்டை நீட்டினார். 'அவள் வர மாட்டாள். சித்தப்பா மகன் வந்தால் போதாதா?'

"போதாது" என்றார் அம்மா.

முப்பத்தொன்பதாம் நாள் அவள் வந்தாள்.

எங்கள் அடிவாரத்துக்கு ஒன்றரை மணிக்கு ஒரு பஸ் வரும். டிரைவரும் கண்டக்டரும் சாப்பிட்டுவிட்டு அங்கேயே கொஞ்சம் கண் அசந்து, மூன்று மணிக்கு எடுப்பார்கள். அந்தப் பஸ்ஸில்தான் வந்தாள். முப்பது வயது இருக்கும். படியேறி வந்த களைப்பில் வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"நான் காந்திமதி. அப்பா இருக்காவளா?"

செக்கர் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். சிலேட்டு நெஞ்சில் கிடந்தது. நல்ல தூக்கம்.

"எழுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. தூங்கட்டும். மூணு மணி வரைக்கும் நேரம் இருக்குல்லா."

ஒரு தம்ளர் மோர் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவர் காலருகே உட்கார்ந்தாள்.

"எப்படி மெலிஞ்சிட்டாவ" என்றாள். முந்தானையை எடுத்து அவர் முகத்தில் ஈ உட்காராமல் வீசினாள்.

நான் கேட்காமலே சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறாள். தெருவே வேடிக்கை பார்க்க, அப்பா அவளை விரட்டியிருக்கிறார். அவளைப் பெற்றவள் செத்த அன்றைக்கும் உள்ளே விடவில்லை.

"தூக்கிட்டுப் போகையில தெருவுல நின்னு பாத்தேன். அவ்வளவுதான் பாக்கக் கிடைச்சுது" என்றாள்.

"இவ்வளவும் செஞ்ச மனுஷனையா பாக்க வந்திருக்க?"

"கோவமெல்லாம் இருந்துச்சு அண்ணாச்சி. சாமியாராப் போறாவன்னு உங்க லெட்டர் வந்ததும், அப்புறம் அப்பான்னு கூப்பிட முடியாதோன்னு தோணிட்டு. ஒருக்க கூப்பிட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

இப்படி ஒரு பிள்ளையை வாசலில் நிற்க வைத்த மனுஷனுக்கா இத்தனை நாள் பார்த்துப் பார்த்து உப்புப் போட்டோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுப்படிக்குத் திரும்பினேன்.

நாலடி வைத்திருப்பேன். கூடத்திலிருந்து சத்தம் கேட்டது.

"காந்திமதி! வெளிய போ! என் வாசல்ல நிக்காத! போளா வெளிய!"

ஓடினேன். செக்கர் படுத்தபடியே கிடந்தார். கண் மூடியிருந்தது. வலது கை மட்டும் உயர்ந்து வாசலைக் காட்டிக்கொண்டிருந்தது. காந்திமதி எழுந்து நின்றுவிட்டாள். கையில் பாதி மோர்.

கை மெல்லக் கீழே இறங்கியது. செக்கர் புரண்டு படுத்தார். குறட்டை விட ஆரம்பித்தார்.

அவள் தம்ளரைச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"ஏம்மா, அவரு தூக்கத்துலல்லா கத்தினாரு. அதப் போயி..."

"தெரியும் அண்ணாச்சி. முழிச்சிருக்கையில ஒருத்தர் கோவத்துல என்னமும் சொல்லலாம். ஆறு வருஷம் கழிச்சி, தூக்கத்துலயும் நான் வெளியதான் நிக்கேன்."

முதல் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மடத்து அம்மாட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்குச் சம்மதம்தான். காவி கட்டிக்கிடட்டும்."

"நேர்ல சொல்லணும்மா. அதான் வழக்கம்."

"நேர்ல வந்துட்டேன்லா. இதுக்கு மேல எப்படி நேர்ல வர?"

படியிறங்கிப் போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். மடத்து வாசலில் நின்றால் பஸ் நிற்பது தெரியும். மணி இரண்டேகால்.

நான் கூடத்துக்கு வந்தபோது சுடலைமுத்து செக்கரை எழுப்பிவிட்டிருந்தான். சுடலைமுத்து கொத்தனார் வேலையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான்.

"செக்கரே, விரதம் முறிஞ்சிட்டு" என்றான். "உங்க மக வந்திருந்தா. நீங்க போட்ட சத்தத்துல பயந்துகிட்டு போயிட்டா."

செக்கர் எழுந்து உட்கார்ந்தார். முகம் சிவந்தது. சிலேட்டை எடுத்தார். மகள் வந்தாள் என்று ஒருவன் சொல்கிறான், போய்விட்டாள் என்றும் சொல்கிறான். அவர் எழுதியது இது.

'விரதம் முறியவில்லை.'

"ஊருக்கே கேட்டுதுய்யா" என்றான் சுடலைமுத்து.

'முறியவில்லை' என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டார். பிறகு எழுந்து விறுவிறுவென்று பின்கட்டுக்கு நடந்தார். அம்மா அங்கே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நானும் சுடலைமுத்துவும் பின்னால் போனோம். நடந்ததை நான் சொன்னேன். அவள் சம்மதம் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு மனசு வரவில்லை.

அம்மா முழுவதையும் கேட்டார். கை உரித்துக்கொண்டே இருந்தது.

செக்கர் எழுதி என்னிடம் நீட்டினார்.

"நான் பேசவில்லை" என்று வாசித்தேன்.

சுடலைமுத்து சிரித்துவிட்டான். "நீரு பேசுதீரே இசக்கி" என்றான். செக்கர் அவனை முறைத்தார்.

"பின்ன யாரு பேசினா அண்ணாச்சி?" என்று அம்மா கேட்டார்.

"தூக்கத்தில் வந்தது பேச்சு ஆகாது. அது கனவு." அவர் எழுத எழுத நான் வாசித்தேன்.

"கனவு யாருக்கு வந்துச்சு?"

உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்தார். வேகமாக எழுதினார். நான் வாசித்தேன்.

"கனவு காண்கிறவன் நான் இல்லை. கனவு வரும், போகும். நான் வருவதும் இல்லை, போவதும் இல்லை."

"நல்லா இருக்கே. எங்க படிச்சிய?"

"எல்லா நூலும் இதைத்தான் சொல்கிறது."

"சரி. அப்ப தூங்கினவரு நீங்க இல்ல." அம்மா என் பக்கம் திரும்பினார். "இசக்கி, அண்ணாச்சி ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் தூங்குதாவ?"

"ராத்திரி ஏழு, மத்தியானம் ஒண்ணு. எட்டு மணி நேரம்மா."

"தூங்கினவரு இவரு இல்லன்னா, தூங்கின நேரத்து மௌனமும் இவரோடது இல்லல்லா. முப்பத்தொம்பது நாள்ல அதக் கழிச்சா எவ்வளவு வருது?"

எனக்கு டீக்கடை மூளை. உடனே சொன்னேன். "இருபத்தாறு நாள்."

"அண்ணாச்சி, உங்களுக்கு இன்னும் பதினாலு நாள் பாக்கி இருக்கு."

செக்கர் காலால் தரையை உதைத்தார். சிலேட்டுக் குச்சி கீச்சிட்டது.

"தூங்கும்போதும் நான் மௌனமாகத்தான் இருந்தேன்!" என்று வாசித்தேன். அவர் போட்டிருந்த ஆச்சரியக்குறியையும் சேர்த்து வாசிக்க வேண்டியிருந்தது.

"யாரு இருந்தா?"

"நான்."

"தூங்கினவரு நீங்க இல்லன்னு இப்பத்தான இசக்கி வாசிச்சான்?"

செக்கர் துடைத்தார். எழுதினார். துடைத்தார்.

"வாய மூடிட்டுக் கிடந்தா அது நீங்க. வாயத் திறந்து கத்தினா அது கனவு. அப்படித்தான?" என்றார் அம்மா. குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் மொச்சைத் தோலை உரிக்கிற வேகம் கூடியிருந்ததை நான் பார்த்தேன். அம்மாவுக்குக் கோபம் கையில்தான் முதலில் வரும்.

குச்சி உடைந்தது. இடுப்பிலிருந்து வேறொன்றை எடுத்தார். இந்தத் தடவை நிதானமாக, பொடி எழுத்தில், சிலேட்டு முழுக்க எழுதினார். நான் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

"சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி. விழிப்பு, கனவு, தூக்கம். இந்த மூன்றும் உடம்புக்கும் மனசுக்கும் வருகிறவை. மூன்றையும் பார்த்துக்கொண்டு நாலாவதாக ஒன்று இருக்கிறது. அது துரியம். அதுதான் நான். அதற்குப் பேச்சும் இல்லை, மௌனமும் இல்லை."

அம்மா உரிப்பதை நிறுத்தினார்.

"இதுல ஒரு எழுத்து பொய் இல்ல" என்றார்.

செக்கர் மோவாயைத் தூக்கிச் சுடலைமுத்துவைப் பார்த்தார். டிக்கெட் இல்லாத ஆள் ஒருவன் மாட்டிக்கொண்டதைப் போன்ற பார்வை.

"இசக்கி, அண்ணாச்சியோட காவிய எடுத்துட்டு வா."

செக்கர் வந்த வாரமே தனக்கென்று காவி வேட்டி வாங்கி, துவைத்து மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இத யாரு கட்டப் போறா? முழிச்சிருக்கவரா, கனவு காணுதவரா, தூங்குதவரா?"

செக்கர் யோசிக்கவே இல்லை. 'நாலாவது' என்று எழுதினார்.

"நாலாவதுக்கு இடுப்பு இருக்கா?"

சுடலைமுத்து சத்தம் போட்டுச் சிரித்தான். செக்கர் சிலேட்டை ஓங்கிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார். நான் நடுவில் புகுந்திருக்காவிட்டால் அடித்திருப்பார். முப்பத்தொன்பது நாள் மௌனம் இருந்த மனுஷனின் மூச்சு அப்படி இரைந்தது.

"உக்காருங்க" என்றார் அம்மா. உட்கார்ந்தார்.

"நாலாவது எல்லாத்தையும் பாக்கும்னு எழுதினிய. கனவுல என்ன பாத்திய?"

"நினைவில்லை."

"பேரச் சொல்லிக் கத்தினியளாம்."

"ஏதோ ஒரு பேர் வந்திருக்கும்."

"வாசல்ல நின்னது யாரு?"

செக்கர் எழுதினார். நான் வாங்கிப் பார்த்தேன். வாசிக்க வாய் வரவில்லை.

"நான் இத வாசிக்க மாட்டேன்மா" என்றேன். மடத்துக்கு வந்து அம்மாவுக்கு மறுப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"வாசி."

"கனவில் வருகிற எல்லாரும் மாயை."



"மாயைக்கா இசக்கி மோர் குடுத்தான்?" என்றார் அம்மா. சிரிப்பு போய்விட்டிருந்தது. "அவ மோர் குடிச்சிட்டு, உங்க மூஞ்சியில ஈ ஓட்டிட்டு இருந்தா. கனவு கண்டது நீங்க. தூங்கினது நீங்க. அவ முழிச்சில்லா இருந்தா? அவ காதுல விழுந்ததுக்கு எந்த நூல்ல பதில் இருக்கு?"

செக்கரின் கை நின்றது. குச்சி சிலேட்டைத் தொட்டபடியே இருந்தது. கண் ஒரு தடவை வாசல் பக்கம் போய்த் திரும்பியது. அப்பாடா, அம்மா சொன்னது உள்ளே இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அந்த மனுஷன் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

எழுதினார். ஆசையாக வாங்கி வாசித்தேன்.

"அவள் சம்மதம் சொன்னாளா?"

அம்மா என்னைப் பார்த்தார். இனி மறைக்க முடியாது.

"சொல்லிட்டா" என்றேன். "காவி கட்டிக்கிடட்டும்னு சொல்லிட்டா."

செக்கர் முகம் மலர்ந்தது. முப்பத்தொன்பது நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சிலேட்டைப் பிடுங்கி அவர் தலையிலேயே போடலாம் போல இருந்தது. பொய் சொல்லவில்லை, கை உண்மையிலேயே நீண்டது. அதற்குள் அவர் அடுத்ததை எழுதிவிட்டார்.

"அப்படியானால் தடை ஒன்றும் இல்லை. விரதம் முறியவில்லை என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

அம்மா எழுந்தார். மடியிலிருந்த காவியும் மொச்சையும் ஒன்றாகத் தரையில் விழுந்தன.

"பத்துப் பன்னெண்டு தடவ எழுதிட்டிய" என்றார். "நான் இல்ல, நான் இல்லன்னு இசக்கி வாய் வலிக்க வாசிச்சிட்டான். அவ எங்கன்னு ஒரு தடவ எழுதினியளா? சாப்பிட்டாளான்னு எழுதினியளா? ஆறு வருஷம் கழிச்சி ஒரு பிள்ள படியேறி வந்திருக்கு. எதுக்கு வந்தான்னு அந்தச் சிலேட்டுல ஒரு வரி வந்துச்சா?"

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சுடலைமுத்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். செக்கர் வாயைத் திறந்து, மூடினார்.

அந்த நேரம் அடிவாரத்தில் ஹாரன் அடித்தது. இரண்டு தடவை. மூன்று மணி.

ஹாரன் கேட்டதும் செக்கரின் தலை தானாகத் திரும்பியது. அத்தனை வருஷப் பழக்கம்.

"அந்த பஸ்லதான் இருக்கா" என்று நான் கத்தினேன். "இன்னும் அங்கதான் இருக்கா. ஓடும் அண்ணாச்சி!"

எழுந்து ஓடினார். அறுபத்தொரு வயதுக்கு நல்ல ஓட்டம். கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, முதல் படியில் போய் நின்றார். நாங்களும் ஓடினோம். கீழே பஸ் உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டர் பின்படியில் ஏறி விசில் ஊதினார். இருநூறு படி இறங்குவதற்குள் பஸ் போய்விடும். அது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஆனால் அவர் இறங்க வேண்டியதே இல்லை. சற்றுமுன் ஊருக்கே கேட்ட அந்தக் குரலில் 'ஹோல்டான்' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் எந்த டிரைவரும் பிரேக்கில் காலை வைத்திருப்பான்.

செக்கர் மூச்சை உள்ளே இழுத்தார். வாய் திறந்தது. இதோ வருகிறது, இதோ வருகிறது என்று நான் காத்திருந்தேன்.

இடது கை மேலே வந்து வாயை இறுகப் பொத்தியது. வலது கையால் சிலேட்டைக் கழுத்திலிருந்து கழற்றி, தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கறுப்புச் சிலேட்டை இருநூறு படிக்குக் கீழே இருந்து யார் பார்ப்பார்கள்? பஸ் நகர்ந்தது. புளியமரத்து வளைவில் திரும்பி மறைந்தது. நானே கத்தியிருக்கலாம். காந்திமதி என்று நான் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை கேட்க வந்தது என் குரலை இல்லை.

செக்கர் படியில் உட்கார்ந்தார். உடம்பு முழுக்க வேர்த்திருந்தது. அம்மா வந்து அவருக்கு இரண்டு படி மேலே நின்றார். வெகுநேரம் கழித்துச் செக்கர் சிலேட்டை மடியில் வைத்து எழுதினார். இந்தத் தடவை வேகம் இல்லை, அடிக்கோடு இல்லை. அம்மாவின் பக்கம் திரும்பாமலே என்னிடம் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். வந்தது அவர் மேல் கோபமா, அழுகையா என்று எனக்கே பிடிபடவில்லை.

"அவளை விரட்டியது நான் இல்லை. தூங்கினவன்" என்று வாசித்தேன்.

"சரி அண்ணாச்சி. விரட்டினது தூங்கினவரு" என்றார் அம்மா. "இப்ப கூப்பிடாம நின்னது யாரு?"